மணலில்லாத கரை

செயற்கை நுண்ணறிவு யந்திரங்கள் உண்டாக்கித் தரும் படங்கள் கலையா இல்லையா என்ற சர்ச்சையில் இரண்டு கட்சிகள் சேர்ந்துவிட்டன. ஒரு கட்சி உழைப்புக் கணக்குக் காட்டுகிறது. இந்தப் படத்துக்காக எத்தனை இரவு உட்கார்ந்தேன், எத்தனை தடவை சொற்களை மாற்றிக் கொடுத்தேன், எத்தனை நூறு படங்களைக் கழித்துப் போட்டேன், ஆகவே இது கலை என்கிறது. மறு கட்சி, கை படாத எதுவும் கலையாகாது, ஊரார் வரைந்ததை விழுங்கிச் செரித்துக் கக்கும் யந்திரத்துக்குக் கலை ஏது என்கிறது. இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. இரண்டுமே படத்தைப் பார்ப்பதில்லை. படம் உண்டான விதத்தை விசாரித்து அங்கேயே தீர்ப்பையும் எழுதிவிடுகின்றன. விமர்சனம் தொடங்க வேண்டிய இடத்தில் இவர்கள் முடித்துக்கொள்கிறார்கள்.

2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சந்தையில் ஜேசன் ஆலன் என்பவர் மிட்ஜர்னி என்ற யந்திரத்தைக் கொண்டு செய்த படம் டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசு பெற்றது. குறைந்தது 624 தடவை சொற்களை மாற்றிக் கொடுத்துத்தான் அந்தப் படத்துக்கு வந்து சேர்ந்ததாக அவர் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்துக்குச் சொன்னார். அலுவலகம் 2023இல் அவர் கேட்ட பதிவை மறுத்தது. அதே 2023இல் ஜெர்மானியரான போரிஸ் எல்டாக்சன், சோனி உலகப் புகைப்படப் போட்டியின் ஒரு பிரிவில் தம் படம் தேர்வானபின், இது யந்திரம் செய்தது, இதையும் புகைப்படத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கக் கூடாது என்று சொல்லிப் பரிசை மறுத்தார். நம் நாட்டில் அதற்கும் முன்பே, 2020இல், ‘சூர்யாஸ்த்’ என்ற படத்துக்கு ராகவ் என்ற ஒரு யந்திர நிரலையும் இணை ஆசிரியராகச் சேர்த்துப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு கொடுத்தது. மறு வருஷமே அதைத் திரும்பப் பெறுவதாக நோட்டீஸ் அனுப்பியது.

இவை எல்லாம் சுவாரஸ்யமான செய்திகள். ஆனால் அலுவலகம் கேட்பது ‘இது யாருடையது’ என்ற கேள்வி. சந்தையும் அதைத்தான் வேறு குரலில் கேட்கிறது. இந்தப் படத்தில் என்ன இருக்கிறது, இது பார்க்கிறவனுக்கு என்ன செய்கிறது, ஏன் இப்படி இருக்கிறது, வேறு மாதிரி இருந்திருக்கலாமா என்பவை நம் கேள்விகள். இவற்றுக்குப் பதிவு எண் உதவாது. 624 என்ற எண்ணும் உதவாது. ஆயிரம் விருத்தம் எழுதியவனுக்கு அதனாலேயே கவிஞன் என்ற பட்டம் சேராது என்பதை நாம் எப்போதோ ஒப்புக்கொண்டோம்.

தமிழில் இந்த வழக்கு ஒரு தடவை நடந்து முடிந்திருக்கிறது. 1959இல் ‘எழுத்து’ வெளிவரத் தொடங்கி, யாப்பை விட்ட கவிதைகளை அது அச்சிட்டபோது பண்டிதர்கள் கேட்டது இதே கேள்வியைத்தான்: இது கவிதையா? எதுகை இல்லை, சீர் இல்லை, பயிற்சி இல்லை. வரியை உடைத்துப் போட்டால் யாரும் எழுதிவிடலாமே என்றார்கள். யாரும் எழுதிவிடலாம் என்பது உண்மையாகவே ஆயிற்று. எழுபதுகளில் அப்படி எழுதிக் குவித்தார்கள். அந்தக் குவியலில் பெரும்பகுதி குப்பை. என்றாலும் பண்டிதர்களின் கேள்வி பிழையான கேள்வி. புதுக்கவிதை என்ற வகை மொத்தமாகக் கவிதையாகவும் இல்லை, மொத்தமாகக் கவிதை அல்லாததாகவும் இல்லை. ஒவ்வொரு கவிதையும் தனித்தனியாக வந்து நின்று தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. யாப்பு என்ற பாதுகாப்பு போனபின் விமர்சனத்தின் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. யந்திரச் சித்திரத்துக்கும் இதே விதிதான்.

கையா யந்திரமா என்ற பிரிவினையும் நிற்காது. சென்னையில் சினிமா பேனர் வரைந்தவர்கள் ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிதாக்கித் துணியில் போட்டு, கட்டம் கட்டமாக நகலெடுத்தார்கள். முகத்துக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர், பின்னணிக்கு ஒருவர். முழுக்க முழுக்கக் கை வேலை. அதில் பெரும்பாலானதைக் கலை என்று அவர்களே சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் சிலர் கையில், போட்டோவில் இல்லாத ஒரு ரோஸ் நிறமும் பச்சை நிழலும் நடிகனின் கன்னத்தில் ஏறி, அந்த முகம் தெருவையே அதட்டியது. பம்பாயில் பேனர் வரைந்து பிழைத்துத்தான் எம்.எஃப். ஹுசேன் வந்தார். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை அழித்தபோது கலை அழிந்தது என்று அழுதவர்களில் அநேகர், அது இருந்தபோது நிமிர்ந்து பார்த்ததில்லை. மறுபக்கம், 1859இல் புகைப்படத்தை பாதலேர் எவ்வளவு ஏளனமாகப் பேசினார் என்பது தெரிந்ததே. அவருக்கு அப்போது முன்னால் இருந்த புகைப்படங்களைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் பாதி சரியாகவே இருந்திருக்கும். வகையைப் பற்றிச் சொன்னதுதான் நிற்கவில்லை.

ஆகவே படங்களுக்கு வருவோம். எர்ணாவூர்க் குப்பத்து இளைஞர் ஒருவர், பகலில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்கு எழுதுகிறவர், ஒரு வருஷ காலம் இரவுகளில் உட்கார்ந்து செய்த 12 படங்களைக் காட்டினார். பெயர் வேண்டாம் என்றார். எல்லாம் அவர் ஊரைப் பற்றியவை. அவசரத்தில் தட்டிவிட்டவை அல்ல. கவனமாகச் செய்யப்பட்டவை என்ற அடைமொழிக்கு இவற்றைவிடத் தகுதியானவற்றை நான் பார்த்ததில்லை. வெளியூர்க்காரன் வந்து ஏழ்மையைப் படம் பிடித்துப் போனான் என்ற வழக்கமான குற்றச்சாட்டையும் இவர்மீது போட முடியாது. அதனாலேயே இவற்றை வைத்துப் பேசுவது நியாயம்.

பதினொரு படங்கள் தோற்றுவிட்டன. தோற்ற விதத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்றில், எண்ணெய் படிந்த கடல். கரையில் ஒரு கிழவர். முகத்தில் ஆயிரம் சுருக்கம். சாயங்கால வெளிச்சம் ஒரு பக்கத்துக் கன்னத்தில் மட்டும் விழுகிறது. பின்னால் புகைபோக்கிகள் மூன்று. முன்னால் அகலமான, சுத்தமான மணல்வெளி; அதில் கட்டுமரம். வண்ணச் சேர்க்கையில் குறை சொல்ல முடியாது. ஐந்து விநாடி பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. பத்தாவது விநாடியில், இந்தக் கனம் படம் பார்ப்பதற்கு முன்பே நம்மிடம் இருந்ததுதான் என்று தெரிந்துபோகிறது. மீனவக் கிழவர், மாசு, அந்தி என்று நமக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு காலண்டரை எடுத்து நம்மிடமே நீட்டியிருக்கிறது.

அந்த மணலைக் கவனியுங்கள். எர்ணாவூரில் அப்படியொரு மணல்வெளி கிடையாது. இந்தக் கடற்கரையில் அலையோடு நகரும் மணல் வருஷத்தின் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கியதிலிருந்து அந்த மணல் தெற்கே தங்கியது. மெரினா அகலமாகிக்கொண்டே போயிற்று. 1884இல் அங்கே கவர்னர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை போட்டார். வடக்கே, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர் வரை, வர வேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. இப்போது இருப்பது கொட்டப்பட்ட பாறாங்கற்களும், கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளும், வளைவுகளுக்கு இடையில் அங்கங்கே சேர்ந்த கொஞ்சம் மணலும்தான்.

யந்திரம் ஏன் மணலைப் போட்டது? அது எர்ணாவூரைப் பார்த்ததில்லை. இந்த வகை யந்திரங்களில் ஒன்றான ஸ்டேபிள் டிஃப்யூஷன், லயன் என்ற பெருந்தொகுப்பின் ஒரு பகுதியைக் கொண்டு பழக்கப்பட்டது. 2022இல் வெளியான அந்தத் தொகுப்பில் இருந்தவை சுமார் 585 கோடி படங்களும் அவற்றுக்கு வாய்த்த வாசகங்களும். வெறும் புள்ளிக் கலக்கத்திலிருந்து தொடங்கி, கொடுத்த வாசகத்தோடு எது அதிகம் சேர்ந்து வந்திருக்கிறதோ அந்தத் திசையில் படிப்படியாகக் கலக்கத்தை நீக்கிக்கொண்டு போவது இவற்றின் வேலை. சென்னை, கடற்கரை, மீனவர் என்றால் அதிகம் சேர்ந்து வந்திருப்பது மணல். சாதாரணமான தவறுதான். ஆனால் அதன் அர்த்தத்தைப் பாருங்கள்: துறைமுகம் எர்ணாவூரிடமிருந்து எடுத்து மெரினாவுக்குக் கொடுத்த மணலை, யந்திரம் எர்ணாவூரின் சித்திரத்தில் கொண்டுவந்து கொட்டி, எடுக்கப்பட்டதே தெரியாமல் மூடிவிட்டது. அந்த ஊருக்கு நடந்தது படத்தில் நடக்கவேயில்லை. இதைச் செய்தவர் அந்தக் கல்லின்மேல் தினமும் நடக்கிறவர். ஆனாலும் படம் அழகாக வந்துவிட்டதால் விட்டுவிட்டார். கவனம் என்று நாம் பாராட்டுவது எங்கே போய் நிற்கிறது என்பதற்கு இது அடையாளம். அது வண்ணத்திலும் வெளிச்சத்திலும் முகச் சுருக்கத்திலும் கவனமாக இருந்தது. கல்லில் கவனமாக இல்லை.

புகைபோக்கிகளும் அப்படியே. மூன்றிலும் புகை. 1970இல் ஓடத் தொடங்கிப் பிறகு 450 மெகாவாட்டாக வளர்ந்த எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஊரில் இன்று வரும் புகைக்கு வேறு வேறு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஊர்க்காரனுக்கு எந்தப் புகை யாருடையது என்று தெரியும். படத்தின் புகைக்குச் சொந்தக்காரன் இல்லை. பொதுப் புகை. யார்மீதும் கோபப்பட வைக்காத புகை.

இதற்குப் பக்கத்தில் வேறொன்றை வைத்துப் பார்க்கலாம். 2017 ஜனவரி 28இல் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்ப் பாறைகளுக்கு நடுவில் வந்து உறைந்தது. அப்போது பத்திரிகைகளில் வந்த புகைப்படங்களை மறந்திருக்க மாட்டீர்கள். கல்லின்மேல் வரிசையாக ஆட்கள் நின்று கைமாற்றிக் கைமாற்றி அந்தக் கரிய சேற்றை அள்ளினார்கள். எதில்? வாளியில். குளியலறையில் இருக்குமே, அந்த வாளியில். விண்ணுக்கு ராக்கெட் விடும் தேசம் கடலில் கொட்டிய எண்ணெயை வாளியில் மொண்டது. அந்தப் படங்களை எடுத்தவர்களில் எத்தனை பேர் கலைஞர்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த வாளியை எந்தக் கற்பனையும் யோசித்திருக்காது. யோசித்திருந்தாலும் ரசனைக் குறைவு என்று நீக்கியிருக்கும். சோகத்துக்கு நடுவில் அது ஒரு கோமாளித்தனம். அந்தக் கோமாளித்தனம்தான் உண்மையின் கூர்முனை. உலகம் நாம் கேட்காததையும் தருகிறது. யந்திரம் கேட்டதை மட்டும், கேட்டதைவிட மெருகேற்றித் தருகிறது.

கலைஞனுக்கு ஒரு எதிராளி வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. கல்லாக இருக்கலாம், சாயமாக இருக்கலாம், மொழியாக இருக்கலாம், எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதனாக இருக்கலாம். ‘அப்படி இல்லை’ என்று அவனிடம் சொல்ல ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அந்த மறுப்போடு மல்லுக்கட்டி, அதற்குக் கொஞ்சம் பணிந்து, கொஞ்சம் அதைப் பணியவைத்து அவன் வந்து சேரும் இடத்துக்குத்தான் உருவம் என்று பெயர். யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு மறுப்பே வருவதில்லை. அவன்தான் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருக்கிறான். ராஜா மாதிரி, இது வேண்டாம், அடுத்தது. 624 தடவை மறுத்தாலும் மறுக்கிறவன் அவன்தான். கடைசியில் அவன் ருசிக்கு ஒத்தது மிஞ்சுகிறது. ருசி மட்டுமே கலையாகிவிடாது.

இனி அந்தப் பன்னிரண்டாவது படம்.

அது ஒரு வீட்டின் உட்புறம். அவருடைய ஆயா வாழ்க்கைப்பட்டு வந்த வீடு, கடல் கொண்டுபோய்விட்டது. புகைப்படம் கிடையாது. ஆயாவின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அந்தப் படத்தை அவர் ஆயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்திருக்கிறார். யந்திரம் ஒரு வீட்டைத் தந்தது, கிழவி பார்த்துவிட்டு, “இன்னாடா இது, வாசப்படி இம்மாம் ஒசரம்? குனிஞ்சில்ல போவணும்” என்றாளாம். விளக்கு மாடம் வலப்பக்கம் வந்தது, இல்லை, இடப்பக்கம். சுவர் வெள்ளையாக வந்தது. இல்லை, அடுப்புப் புகை ஏறி இடுப்புக்கு மேலே கருப்பு. ஒவ்வொன்றையும் யந்திரம் ஒருவாறு ஒத்துக்கொண்டது, வாசலைத் தவிர. எப்படிக் கேட்டாலும் வாசலை ஆள் உயரத்துக்கு உயர்த்திக்கொண்டே இருந்தது. அது பார்த்த கோடிக்கணக்கான வாசல்களில் மனிதர்கள் நிமிர்ந்து நுழைகிறார்கள். கடைசியில் இவர் வாசலின் மேல் பகுதியைத் தாமே வெட்டி, மேலே கூரையைத் தம் கையால் தீட்டி இறக்கியிருக்கிறார். தீட்டிய இடம் தெரிகிறது. மற்ற இடங்களின் வழவழப்பு அதில் இல்லை.

வாசல் இறங்கியதும் படம் மாறிவிட்டது. உயரமான வாசலில் கடலும் வானமும் தெரிந்திருக்கும். காலண்டருக்கு லாயக்காக இருந்திருக்கும். தாழ்ந்த வாசலில் வானம் இல்லை. தண்ணீரின் ஒரு பட்டை மட்டும், தரைமட்டத்துக்குச் சற்று மேலே, மிகக் கிட்டத்தில். பார்க்கிறவனின் கண் தானாகத் தாழ்கிறது. உள்ளே நின்று பார்க்கும்போது, வெளியே போக வேண்டுமானால் கடலைப் பார்த்துக் குனிய வேண்டும் என்பது உடம்பிலேயே தெரிகிறது. கிழவரும் இல்லை, கண்ணீரும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. அந்தப் பட்டை ஒரு நாள் உள்ளே வரும் என்பதைப் படம் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லாமலே அது தெரிந்துவிடுகிறது. இதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இது ஞாபகத்தைச் சரிபார்த்த வேலைதானே, போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்லச் சொல்லக் குற்றவாளியின் முகத்தை வரைகிறார்களே, அதுவும் கலையா என்று கேட்கலாம். சரியான கேள்வி. சரியாக இருப்பது மட்டும் போதாது. மாடம் இடப்பக்கம் வந்ததால் படம் உயரவில்லை; அது தகவல். வாசல் தாழ்ந்தபோதுதான் தகவல் உருவமாக மாறியது. கிழவியின் மறுப்பு படத்தின் முழு அமைப்பையும் நிர்ணயித்தது. இந்த மாற்றம் நிகழாத இடத்தில் சாட்சியம் சாட்சியமாகவே நிற்கும். அதற்கு அதன் மரியாதை உண்டு.

வெறும் வடிவமும் நிறமுமான அரூப ஓவியத்துக்கு எந்த ஊர், எந்த ஆயா என்றும் கேட்கலாம். சிறுபத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் போட்டுக் கொடுத்த ஆதிமூலம் பிற்காலத்தில் கோட்டை விட்டு வண்ணப் பரப்புக்குப் போனார். அங்கே ‘அப்படி இல்லை’ என்று சொன்னது சாயமும் கித்தானும். ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொன்றை வைத்ததும் முதல் நிறம் வேறாகிவிடும். வைத்தபின் எடுக்க முடியாது. யந்திரத்தில் எதையும் எடுத்துவிடலாம், விலையில்லாமல். அதனால் அங்கே எதிராளி இயல்பாகக் கிடைப்பதில்லை. செய்கிறவன் வெளியிலிருந்து அழைத்துவர வேண்டியிருக்கிறது. கடினமான காரியம். வசதியைத் தேடித்தான் யந்திரத்திடம் போகிறோம். போன இடத்தில் வலிய அசௌகரியத்தைத் தேடிக்கொள்கிறவர் எத்தனை பேர் இருக்க முடியும்?

திருட்டு என்ற குற்றச்சாட்டை நான் தள்ளிவிடவில்லை. அந்தக் கோடிக்கணக்கான படங்களை வரைந்தவர்களையும் எடுத்தவர்களையும் யாரும் கேட்கவில்லை. யாரும் காசு கொடுக்கவில்லை. அது கடன். கட்டப்பட வேண்டிய கடன். ஆனால் கடன் பாக்கி இருப்பதால் படம் மோசமாகிவிடாது. படம் நன்றாக இருப்பதால் கடன் தீர்ந்துவிடாது. இரண்டு கணக்கையும் ஒரே நோட்டில் எழுதினால் இரண்டும் குழம்பும்.

இதெல்லாம் ரசிகர்களுக்குள்ளான விவாதம் என்று ஒதுக்க முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடியும் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் வந்தது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் மறுபடியும் கையால் அள்ளினார்கள். அந்த மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊருக்குத் தன் தரப்பைச் சொல்ல இருக்கும் வழிகளில் படம் ஒன்று. அந்த இடத்தில் பொதுக் கிழவரும் பொதுப் புகையும் பொது அந்தியும் வந்து உட்கார்ந்துகொண்டால், பார்க்கிறவனுக்குச் சோகம் கிடைத்துவிடும், எர்ணாவூர் கிடைக்காது. யாரும் அங்கே போக வேண்டிய தேவையே இல்லாமல் எல்லாரும் வருத்தப்பட்டு முடித்துவிடலாம். அடுத்த தடவை உண்மையான வாளியின் படம் வந்தால், இதுவும் யந்திரம் செய்ததாக இருக்கும் என்று ஒதுக்கவும் செய்யலாம். கெட்ட கலை இதுவரை யாருக்கும் பெரிய தீங்கு செய்ததில்லை என்ற சௌகரியமான எண்ணத்தை இனி விட்டுவிட வேண்டியதுதான்.

யந்திரச் சித்திரம் கலையா என்று மொத்தமாகக் கேட்பவருக்கு மொத்தமாகப் பதில் இல்லை. கவனமாகச் செய்தது என்று ஒருவர் படத்தைக் கொண்டுவந்தால், எத்தனை இரவு என்று கேட்க வேண்டாம். எது உங்களை மறுத்தது, எந்த இடத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்தது, அது படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். காட்ட ஓர் இடம் இருந்தால் மேலே பேசலாம். நான் பார்த்த பன்னிரண்டில் ஒன்றில் இருந்தது. தாழ்ந்த வாசலுக்கு மேலே, யந்திரத்தின் வழவழப்புக்கு ஒட்டாமல், கையால் தீட்டியது அப்பட்டமாகத் தெரியும் அந்த ஒன்றரை அங்குலக் கூரை. பன்னிரண்டுக்கு ஒன்று என்பது மோசமான விகிதமும் இல்லை. நம் கவிதைத் தொகுப்புகளில் பல அதையும் எட்டுவதில்லை.